தட்டாத கதவு: அத்தியாயம் 9

டம், டம், டம்!

கதவு அதிர்ந்ததில் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அழைப்பு மணி என்று ஒன்று இருப்பதையே மறந்துபோன கை.

சாக்பீஸ் டப்பாவைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்த டீச்சர் அப்படியே நின்றாள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தம் கேட்டாலும் எங்கே என்ன கழன்றிருக்கிறது என்று யோசிக்கிற பிறவி.

“என்னங்க அது, பூகம்பமா?”

“பூகம்பம்னா பாத்திரம் உருளும். இது ஆளுதான்.” கதவுத் துளையில் கண்ணை வைத்தவர், வைத்த வேகத்தில் எடுத்தார். நுரை கதவில் ஒட்டிக்கொண்டது. “தப்பா சொல்லிட்டேன். பூகம்பமேதான். உங்க அக்கா.”

அக்கா இந்த வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆயிற்று.

அதற்கு முன்னால் அவள் மிதிக்காத நாளே கிடையாது. ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்த இரண்டு வீடுகளையும் பிரித்தது பொம்மியின் கல்யாணப் பேச்சு. டீச்சரின் ஒரே மகள் பொம்மிக்கு நல்ல இடம் ஒன்று கூடி வந்தது. தேதி குறிக்கிற அன்று, பையனின் அம்மா பேச்சுவாக்கில் அக்காவிடம், “பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டு வைத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாகவே காலத்தைக் கழித்த அக்காவுக்குப் பொய் வராது. “சின்ன வயசுல இருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில கட்டுப்பாட்டுல இருக்கு. பயப்பட ஒண்ணுமே இல்லைங்க” என்றாள்.

கடைசி வாக்கியம் அந்த அம்மாளின் காதில் ஏறவே இல்லை. இடம் கை நழுவிப் போனது. “என் பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டே. இனி என் மூஞ்சியில முழிக்காதே” என்று டீச்சர் சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

அவள் சொன்னபடியே அக்கா முழிக்கவில்லை. இன்றுவரை.

மெக்கானிக் தாழ்ப்பாளை எடுத்தார். “வாங்க அண்ணி, வாங்க. உட்காருங்க.”

அக்கா உட்காரவில்லை. வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கையைப் பார்த்து நின்றாள். இரண்டு வருஷத்து மௌனத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

“என் பேரைக் காணோம்டி.”



“எதுலக்கா?” என்று கேட்டாள் டீச்சர். கேட்கும்போதே தெரியும், எதில் என்று.

“வாக்காளர் பட்டியல்ல. நேத்து சாயங்காலம் கடைசிப் பட்டியல் ஒட்டியிருக்காங்க. எனக்கு முந்தின வீடு இருக்கு. அதோட தெரு முடிஞ்சுபோச்சாம். நான்னு ஒருத்தி இல்லவே இல்ல.” அக்கா மூச்சு வாங்கினாள். “இன்னிக்கு மூணு மணிக்கு வேட்புமனு கடைசி. பேர் இல்லாதவ தேர்தல்ல நிக்க முடியாதாம்.”

அக்கா வார்டு தேர்தலில் நிற்கப்போகிற செய்தி டீச்சருக்கும் வந்து சேர்ந்திருந்தது. பம்ப்ஹவுஸ் தெருவில் குடிதண்ணீர்க் குழாயோடு சாக்கடை கலந்து, வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை. அக்கா ஓய்வு பெற்றதை மறந்துவிட்டு, வீடு வீடாகப் போய் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி, பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினாள். இப்போதைய வார்டு உறுப்பினர் ‘குழாய் மாத்தறதுக்கு எழுதிப் போட்டிருக்கு’ என்றே காலத்தை ஓட்ட, தெருவே திரண்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்துவிட்டது.

“எல்லாம் மைக்செட் வேலைன்னு தெரு கொதிக்குது” என்றாள் அக்கா.

மைக்செட் என்பது அந்த வார்டு உறுப்பினரின் பட்டப்பெயர். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

“அவர்தான் பண்ணியிருப்பார்” என்று டீச்சரின் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு அந்த வாயை அவளுக்கே பிடிக்கவில்லை.

அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். “எங்க தெருவுக்குப் பட்டியல் சரிபார்த்தது நீதானே?”

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அதான் உன்கிட்ட வந்தேன். எந்த ஆபீசு, யாரைப் பார்க்கணும், என்ன சொல்லணும், எல்லாம் உனக்குத்தான் அத்துப்படி. வர்றியா?”

எந்தக் கெஞ்சலும் இல்லை, எந்தக் கோபமும் இல்லை. சின்ன வயதில் ‘கடைக்கு வர்றியா’ என்று கேட்ட அதே குரல்.

“போயிட்டு வா” என்றார் மெக்கானிக். “லிஃப்ட்ல மாட்டினவனை எடுத்து விடறதுதான் என் தொழில். இதுல மாட்டினவங்களை எடுக்க உன்னாலதான் முடியும்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். டீச்சர் அவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள்.

*

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம். டீச்சர் அடுத்த இருக்கை. நடுவில் கைப்பை.

டீச்சரின் மனசு பஸ்ஸைவிட வேகமாகப் பின்னால் ஓடியது.

பள்ளி ஆசிரியைகளுக்கு இந்தச் சரிபார்ப்பு வேலையைக் கொடுத்தால் பலர் முணுமுணுப்பார்கள். டீச்சர் முணுமுணுத்ததே இல்லை. செத்தவர் பெயரை எடுக்கும்போது செருப்பை வாசலில் விட்டு, உட்கார்ந்து, இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் எடுப்பாள். மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவரிடம் ஏறிப் போய், “தாத்தா, உங்க பேர் பத்திரமா இருக்கு” என்று காதில் கத்திவிட்டு வருவாள். பார்த்து முடித்த வீட்டின் நிலைச்சட்டத்தில் சாக்பீஸால் ஒரு சின்ன டிக்; பூட்டிக்கிடந்தால் ஒரு வட்டம். திரும்பி வருகிறபோது குழப்பம் வராமலிருக்க அவளாகவே கண்டுபிடித்த வழக்கம். ‘டீச்சர் வந்துட்டுப் போயிட்டாங்க’ என்பதற்கு அந்தப் பகுதியில் அதுதான் அடையாளம்.

பம்ப்ஹவுஸ் தெருவிலும் அப்படித்தான் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். தெருவின் கடைசி வீடு அக்காவுடையது.

எதிரே இருந்த மரத்தடியில் கால் நின்றுவிட்டது.

கதவு சாத்தியிருந்தது. பூட்டு தொங்கவில்லை. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. போய்த் தட்டினால் அக்கா திறப்பாள். ‘வா’ என்பாள். அதற்குப் பிறகு என்ன பேசுவது? ‘மூஞ்சியில முழிக்காதே’ என்று சொன்ன வாயால், ‘வீட்டில் எத்தனை பேர்’ என்று எப்படிக் கேட்பது?

கைப்பேசிச் செயலியில் ‘பூட்டிய வீடு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். இன்னொரு நாள் வந்துகொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பூட்டிய வீடு என்றால் மூன்று தரம் போக வேண்டும். ஒவ்வொரு தரமும் ‘வந்தோம், நீங்கள் இல்லை’ என்று கதவில் சீட்டு ஒட்ட வேண்டும். அதுதான் விதி. டீச்சர் அந்தத் தெருப் பக்கமே மறுபடி போகவில்லை. பதிவு முடிகிற நாளில், மற்ற இரண்டு தேதிகளையும் வீட்டில் உட்கார்ந்தே போட்டாள். செயலி அக்காவை ‘குடிபெயர்ந்தவர்’ ஆக்கிவிட்டது.

அது சோம்பேறித்தனம் என்றால் மன்னித்துக்கொள்ளலாம். சோம்பேறித்தனம் இல்லை அது. பொத்தானை அழுத்தியபோது அவளுக்குள் ஒரு குரல் சொன்னது, அது இப்போதும் காதில் கேட்கிறது: ‘பேர் இல்லைன்னு தெரிஞ்சா ஓடி வருவா இல்ல? வரட்டும். என் வாசல்ல வந்து நிக்கட்டும்.’

வரைவுப் பட்டியல் ஒட்டியபோது அக்கா வரவில்லை. அப்போது தெருவில் காமாலை. பட்டியல் பார்க்க அவளுக்கு ஏது நேரம்? டீச்சர் அப்போதாவது திருத்தியிருக்கலாம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டாள். அப்புறம் மறந்துவிட்டதாக நடித்தாள். நடித்து நடித்து மறந்தே போனாள்.

இப்போது அவள் ஆசைப்பட்டபடியே அக்கா வந்து வாசலில் நின்றுவிட்டாள். 

“ஒடம்பு சரியில்லையாடி? மூஞ்சி வெளுத்திருக்கு.” அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பழக்கதோஷம். “படபடன்னு அடிக்குது.”

“ஒண்ணுமில்லக்கா. வெயில்.”

ஜன்னலுக்கு வெளியே வானம் மூடிக்கிடந்தது.

*

பதிவு அலுவலகம் சந்தைக்கடையாக இருந்தது. பலகையில் நூல் கட்டித் தொங்கவிட்ட பட்டியல்களை ஆளாளுக்கு எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கப்பா போய்ச் சேர்ந்து எவ்ளோ நாளாச்சு, இன்னும் பேர் இருக்கு பாருங்க!” என்றார் ஒருவர்.

“விடுங்க, அவராச்சும் நிம்மதியா இருக்கட்டும். உயிரோட இருக்கற என் பேரு பொம்பளைன்னு வந்திருக்கு” என்றார் மீசைக்காரர் ஒருவர்.

சிரிப்பு எழுந்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பார்த்த பாகத்தில் அந்த மாதிரிப் பிழை ஒன்றுகூட இருக்காது. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்தவள்தான் ஓர் உயிருள்ள மனுஷியை அழித்திருக்கிறாள்.

பம்ப்ஹவுஸ் தெரு ஆட்கள் முன்பே வந்து குழுமியிருந்தார்கள். அவர்கள் நடுவே, நெருப்பில் விழுந்த புழுவாகத் துடித்துக்கொண்டிருந்தார் மைக்செட்.

“நர்சம்மா, நீங்களே சொல்லுங்க! நான் எவ்வளவோ பண்ணியிருக்கேன், இல்லைங்கல. போன தேர்தல்ல உங்க போஸ்டர் மேல என் போஸ்டரை ஒட்டினேன்.”

“நான் போன தேர்தல்ல நிக்கவே இல்லையே” என்றாள் அக்கா.

“அப்ப வேற யாரோடதோ. அதை விடுங்க. இதை மட்டும் நான் பண்ணலம்மா! செய்யாத தப்புக்கு இப்படி வையறாங்களே, எனக்கு இது பழக்கமே இல்ல!”

கூட்டம் ‘ஓ’ என்று கூச்சலிட்டது. யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். பொத்தான் ஒன்று தெறித்து உருண்டு வந்து டீச்சரின் காலடியில் நின்றது. அவள் அதை மிதித்து மறைத்தாள். எதற்காக அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பதிவு அலுவலர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த மனிதர். குரலை உயர்த்தாமலேயே கூட்டத்தை வெளியே அனுப்பினார். அக்கா, டீச்சர், மைக்செட் மூன்று பேரையும் மட்டும் உட்கார வைத்தார்.

“சிக்கலே இல்லைம்மா, ரொம்ப சுலபம்” என்றார். “கள அலுவலர் தப்பா பதிவு பண்ணியிருந்தா, அது எங்க ஆபீஸ் தப்பு. அவங்க என் முன்னால ஒத்துக்கிட்டா இப்பவே உங்க பேரைச் சேர்த்து உத்தரவு கொடுத்துடலாம். மூணு மணிக்குள்ள மனுத் தாக்கல் பண்ணலாம். அவங்க முறைப்படி மூணு தரம் வந்து, நிஜமாவே வீடு பூட்டியிருந்தா, நீக்கினது செல்லும். நீங்க புதுசா மனு போடணும், ஆட்சேபணைக்கு டைம் கொடுக்கணும். அதுக்குள்ள தேர்தலே முடிஞ்சிடும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், உங்களை எனக்குத் தெரியும். உங்க பாகம்னா நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவேன். அடுத்த மாசம் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகறீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். இப்ப சொல்லுங்க. மூணு தரமும் போனீங்களா?”

அறையில் ஃபேன் கிரீச் கிரீச் என்று சுற்றியது.

உண்மையைச் சொன்னால் துறை நடவடிக்கை. பள்ளிக்குக் கடிதம் போகும். தலைமையாசிரியை நாற்காலி போகும். எல்லாவற்றையும்விட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்குத் தெரிந்துபோகும்.

“போனேன் சார்” என்றாள் டீச்சர். “பூட்டியிருந்தது.”

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா!” மைக்செட் துள்ளி எழுந்தார். வெளியே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. “டீச்சர் வாயால வந்துடுச்சு! நான் இல்ல!”

அலுவலர் கையமர்த்தினார். “நர்சம்மா, நீங்க சொல்லுங்க. அந்தச் சமயத்துல நீங்க வீட்ல இருந்தீங்களா?”

டீச்சரின் தலைக்கு மேலே கத்தி. ‘இருந்தேன்’ என்று ஒரே வார்த்தை. பொய் வராத வாய் அது. வலிப்பு என்றால் வலிப்பு என்று சொல்லிவிடுகிற வாய்.

அக்கா மேஜை விளிம்பை விரலால் தடவினாள். தங்கையை ஒருமுறை பார்த்தாள்.

“இல்ல சார்” என்றாள். “வெளியூர் போயிருந்தேன்.”

“அப்படின்னா நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்லையேம்மா.”

“பரவால்ல சார். நீங்க என்ன பண்ணுவீங்க.”

அக்கா எழுந்து வெளியே போனாள்.

*

டீச்சர் வராந்தா மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.  மனசு, கெட்டிக்கார மனசு, உடனே ஒரு கணக்குப் போட்டது: ‘அக்கா ஊரிலேயே இல்லையாம். அப்படியானால் வீடு பூட்டித்தானே இருந்திருக்கும்? நான் தட்டியிருந்தாலும் யாரும் திறந்திருக்கப் போவதில்லை. நான் எழுதியது சரிதானே?’

எவ்வளவு சுகமான கணக்கு! அந்தச் சுகம் சரியாகத் தொண்டைக்குள் இறங்குவதற்குள் மகள் வந்து நின்றாள்.

பொம்மி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கடைச் சீருடையோடு, கையில் ஒரு பழைய வாக்காளர் அட்டையோடு வந்திருந்தாள்.

“நீ எங்கேடி இங்கே?”

“பெரியம்மா போன் பண்ணாங்க. அட்டையை வீட்லயே விட்டுட்டு வந்துட்டாங்களாம். எடுத்துட்டு வந்தேன்.”

“உனக்கு எப்படி அந்த வீட்டுச் சாவி...”

“என்கிட்ட எப்பவுமே ஒண்ணு இருக்கு.” பொம்மி தயங்கவில்லை. “ரெண்டு வருஷமா போய்க்கிட்டுத்தான் இருக்கேன். நீ கத்துவேன்னு சொல்லல. அதை அப்புறம் பேசலாம். உள்ளே என்னாச்சு?”

டீச்சர் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பொம்மியின் முகம் மாறியது.

“வெளியூர் போயிருந்தேன்னா பெரியம்மா சொன்னாங்க?”

“ஆமா.”

“நீ கணக்கெடுக்கப் போனப்ப அவங்க கால் பிசகி, தரையில ஊன முடியாம கிடந்தாங்கம்மா. நான்தான் கடை முடிஞ்சு தினமும் போய்க் கட்டு மாத்திவிட்டேன். வாசலைத் தாண்டல அவங்க.”



பொம்மி குரலைத் தாழ்த்தினாள். அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

“இப்ப அட்டை எடுக்கப் போனப்ப பார்த்துக்கிட்டே போனேன். அந்தத் தெருவுல எல்லா வீட்டு நிலையிலயும் உன் சாக்பீஸ் டிக் இருக்கு. பூட்டிக்கிடக்கிற அந்த இடிஞ்ச வீட்லகூட வட்டம் போட்டுட்டு வந்திருக்கே. பெரியம்மா வீட்டு நிலை மட்டும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. நீ போகவே இல்ல. அப்படித்தானே?”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்காகன்னு மட்டும் சொல்லிடாதே. அந்த இடம் தட்டிப்போனதுக்கு நான் ஒரு நாள்கூட அழலை. மாத்திரையை அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சு, புருஷனுக்குத் தெரியாம முழுங்கற பொழைப்பு எனக்கு வேணாம்னுதான் இருந்தது. பெரியம்மா என் வாழ்க்கையில மண் போடலம்மா. நீதான் எனக்கு இருக்கறதை இல்லன்னு சொல்லச் சொன்னே. இப்ப அவங்களையே இல்லன்னு எழுதிட்டு வந்திருக்கே.”

வராந்தாவின் அந்தப் பக்கம் அக்கா, தன் தெரு ஆட்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். “சட்டம்னா சட்டம்தானே. அதுக்காக மைக்செட்டை வையாதீங்க, பாவம். நான் நிக்கலைன்னா என்ன, தண்ணியைக் கொதிக்க வைக்கறதை மட்டும் விட்டுடாதீங்க. என்னம்மா, குட்டிக்குக் கண்ணு மஞ்சள் குறைஞ்சுதா?”

கைக்குழந்தையோடு நின்ற பெண் பதில் சொல்லாமல் அழுதாள்.

டீச்சர் கைப்பையைப் பொம்மியின் கையில் கொடுத்தாள். “இதைப் புடி.”

“எங்கே போறே?”

“தட்ட.”

*

அலுவலரின் கதவு திறந்துதான் இருந்தது. இருந்தாலும் டீச்சர் விரலை மடித்துத் தட்டினாள்.

“வாங்க டீச்சர். இன்னும் போகலையா?”

“சார், நான் போகல.”

“தெரியுதே. இங்கேதான் நிக்கறீங்க.”

“அந்த வீட்டுக்குப் போகல சார். ஒரு தரம்கூட. எதிர்ல மரத்தடியில நின்னு பூட்டிய வீடுன்னு போட்டேன். மத்த ரெண்டு தேதியும் வீட்ல உட்கார்ந்து போட்டது. சீட்டு ஒட்டல. கதவுல பூட்டே இல்ல.” ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். “அவங்க என் கூடப்பிறந்த அக்கா. பேச்சுவார்த்தை இல்ல. அதான்.”

அலுவலர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

“அந்த ஒரு வீடுதானா டீச்சர்?”

“சத்தியமா சார். மத்ததெல்லாம் ஒவ்வொரு வாசலும் ஏறி இறங்கினேன்.”

“நம்பறேன்” என்றார் அவர். “ஆனா நான் நம்பி இனி பிரயோஜனம் இல்லையே. நாளைக்கே வேற ஆளுங்களை அனுப்பணும். நீங்க பார்த்த ஒவ்வொரு வீட்டையும் தட்டி, ‘டீச்சர் நிஜமாவே வந்தாங்களா’ன்னு கேட்பாங்க. அறிக்கை மேல போகும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல.”

மாடிக் கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். ‘தாத்தா, டீச்சர் வந்தாங்களா?’ என்று யாரோ அவர் காதில் கத்தப்போகிறார்கள். ஒவ்வொரு நிலைச்சட்டத்திலும் இருக்கிற டிக்கை ஒரு விரல் சந்தேகத்தோடு தடவிப் பார்க்கப்போகிறது. ஒரு வீட்டை ஏமாற்றியதற்கு எல்லா வீடும் அவள் கையை விட்டுப் போயிற்று.

“சரி சார்” என்றாள்.

அவர் அவள் சொன்னதை எழுதி வாங்கினார். டீச்சர் கையெழுத்துப் போட்டாள். கரும்பலகையில் எழுதி எழுதி முத்துமுத்தான கையெழுத்து. அன்றைக்கு அது கோணலாக விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். உத்தரவு அச்சாகி வந்தது. அச்சு இயந்திரம் நடுவில் காகிதத்தைக் கடித்துக்கொண்டு மக்கர் செய்தது. பொம்மி போன் செய்ய, மெக்கானிக் வேலை இடத்திலிருந்து போனிலேயே, “பின்னாடி மூடியைத் தொற, ஒரு தட்டுத் தட்டு, பாசமா தட்டணும்” என்று வைத்தியம் சொன்னார். வேட்புமனு வாங்குகிற அறை மாடியில். அக்காவை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்காத குறையாக ஏற்றினார்கள். கால் பிசகு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை என்பதை டீச்சர் அப்போதுதான் கவனித்தாள்.

கதவை மூடப்போன ஊழியர், உள்ளே நுழைந்த அக்காவின் காலைப் பார்த்து நிறுத்தினார். மனு வாங்கப்பட்டது.

மைக்செட் படியில் வழிமறித்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. “நல்லது நர்சம்மா. நாளைக்குப் பரிசீலனைல என் ஆட்சேபணை இருக்கும், மனசுல வெச்சுக்காதீங்க.” பிறகு டீச்சரைப் பார்த்தார். அவரால்கூட மெதுவாகப் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “என்னைப் போய் எல்லாரும் திருடன்னாங்க டீச்சர். நீங்க பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தீங்க.”

டீச்சர் தலை குனிந்தாள். 

*

கூட்டம் கலைந்தது. பொம்மி ஆட்டோ பிடிக்கப் போனாள். அலுவலகப் படிக்கட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்.

அக்கா உட்கார்ந்து பிசகிய காலை நீவிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அக்கா இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டிக் கொடுக்கவும் இல்லை.

“அக்கா.”

“ம்.”

“மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரல.”

“வரலைன்னா விடு. வர்றப்ப கேளு.”

கொஞ்ச நேரம் இருவரும் எதிர்ச்சுவரில் தொங்கிய பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் அதன் கடைசித் தாள் மட்டும் எழுந்து எழுந்து அடங்கியது.

“நீ எதுக்குக்கா உள்ளே பொய் சொன்னே? வீட்ல இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்குமே.”

“முடிஞ்சிருக்கும். உன் வேலையும் முடிஞ்சிருக்கும்.”

டீச்சர் நிமிர்ந்தாள். “அப்படின்னா... நான் வரலைங்கறது உனக்கு முன்னாடியே தெரியுமா? காலையில என் வீட்டுக் கதவைத் தட்டினப்பவே?”

“நேத்துப் பட்டியலைப் பார்த்தப்பவே தெரியும்.”

“எப்படிக்கா? பொம்மி சொன்னாளா?”

“அவ என்ன சொல்றது?” அக்கா காலை மெல்ல எடுத்துக்கொண்டாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

“அன்னிக்கு ஜன்னல் வழியா உன்னை மரத்தடியில பார்த்ததும், தட்டினா உடனே திறக்கணும்னு நொண்டிக்கிட்டே வந்து தாழ்ப்பாளை எடுத்துட்டுக் கதவுக்குப் பின்னாடியே நின்னேன்டி, நீ தட்டாம திரும்பிப் போனப்பகூட, ‘அக்கா இருக்கா’ன்னு எழுதிட்டுத்தான் போறியாக்கும்னு நினைச்சேன்.”